இணையத்துடன் வளர்ந்த தலைமுறை: சித்தூர் தரும் படிப்பினை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அவ்வாண்டில் பிறந்தோரின் பள்ளிப் பருவமும் வேலை தேடும் பருவமும் இணையத்தின் வளர்ச்சியோடு சேர்ந்தே கழிந்தன. ஆயினும் இவ்வளர்ச்சி எல்லா இளைஞருக்கும் ஒரே காலத்தில், ஒரே அளவில் கிட்டிவிடவில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் அனுபவம் இதனை நன்கு விளக்குகிறது. 2022 ஏப்ரல் மாதம் வரை திருப்பதி நகரும் சித்தூர் மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது.

குப்பத்தில் ஒரு பரிசோதனை

தமிழ்நாடு, கர்நாடக எல்லைகளை ஒட்டிய குப்பத்தில் தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்குகின்றன. சுமார் 3 லட்சம் மக்கள் வாழ்ந்த இப்பகுதியில், 2002ஆம் ஆண்டில் ஹியூலட் பேக்கார்டு நிறுவனமும் மாநில அரசும் இணைந்து மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. கணிப்பொறியும் இணையமும் கொண்ட சமூகத் தகவல் நிலையங்கள் நிறுவப்பட்டன. மகளிர் சுயஉதவிக் குழுவினர் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் சூரிய ஒளியால் இயங்கும் அச்சுக் கருவியும் வழங்கப்பட்டன. அவர்கள் படம் எடுத்து, அங்கேயே அச்சிட்டுக் கொடுத்து வருவாய் ஈட்டினர்.

ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இம்முறையில், மக்களின் மொழியில் விளக்கிச் சொல்லும் பணியாளரும் கருவியைப் போலவே இன்றியமையாதவர். திட்டக் காலம் முடிந்தபின் நிலையத்தை நடத்தும் செலவை யார் ஏற்பது என்பது இத்தகைய முன்னோடித் திட்டங்கள் அனைத்தும் சந்திக்கும் வினாவாகும்.

மின்கம்பத்தில் ஒளியிழை

கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் தேசியத் திட்டத்துக்கு 2011ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆந்திர அரசோ மண்ணைத் தோண்டிப் புதைப்பதற்குப் பதிலாக, பெருமளவுக்கு மின்கம்பங்களின் மீதே ஒளியிழையைக் கொண்டுசென்றது. இதனால் செலவும் காலமும் குறைந்தன. 2017 டிசம்பரில் இத்திட்டம் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது.

கம்பி வந்தும் நீடிக்கும் இடைவெளி

ஊருக்கு இணைப்பு வந்துவிட்டால் வீட்டிலுள்ள அனைவருக்கும் அது பயன்படும் என்று கொள்வதற்கில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான ஆந்திர ஆண்களில் 48.8 சதவீதத்தினர் இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்தியிருந்தனர். பெண்களில் இவ்விகிதம் 21 சதவீதமே. நாடு முழுவதற்குமான விகிதம் 33.3 சதவீதம். திருப்பதியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2015ல் தொடங்கப்பட்டது. திருமலையின் 300 ரூபாய் தரிசனச் சீட்டு இணையவழியே முன்பதிவு செய்யப்படுகிறது. ஆனால் இணையம் அறியாதவர் அச்சீட்டுக்கும் பிறரையே நாட வேண்டியுள்ளது. 2020ல் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டின் ஒரே கைப்பேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிட்டால் குழந்தையின் பாடம் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது.

எதிர்காலம்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளுமுன் பெற்றோரின் இசைவைப் பெறவேண்டும் என விதிக்கிறது. நோக்கம் சிறந்ததே. ஆனால் இணையத்தையே பயன்படுத்தியறியாத தாய் எதற்கு இசைவு தருகிறார் என்பதை அறிவது எவ்வாறு? இசைவு என்பது மகனோ மகளோ காட்டும் இடத்தில் விரலை வைப்பதாக முடிந்துவிட்டால், சட்டம் தர விரும்பும் பாதுகாப்பு கிட்டாது.

எனவே குழந்தைகளின் இணையப் பாதுகாப்பும் பெரியோரின், குறிப்பாகப் பெண்களின், இணையக் கல்வியும் ஒரே பணியின் இரு பகுதிகளாகின்றன. 2019ல் ஆந்திராவில் தொடங்கப்பட்ட கிராமச் செயலகங்களில் டிஜிட்டல் உதவியாளர் பதவியும் உருவாக்கப்பட்டது. சான்றிதழ் விண்ணப்பங்களுடன், தாய்மார்களுக்கு அவர்களது மொழியில் இணையப் பயிற்சி அளிப்பதும் இத்தகைய பணியாளரின் கடமைகளுள் ஒன்றாக வேண்டும். குப்பத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள் புதிய கருவியைக் கையாண்டு வருவாய் ஈட்டிய அனுபவம் இதற்கு நல்ல முன்மாதிரியாகும்.