பெட்டைக்குதிரையின் ஈற்றுக்குறிகள்: அனுபவ அறிவும் விஞ்ஞான விளக்கமும்

தொல்காப்பிய மரபியல் குதிரையின் பெண்ணைப் ‘பெட்டை’ என்றும் அதன் இளமையைக் ‘கன்று’ என்றும் வழங்கும் மரபைக் கூறுகின்றது. பட்டினப்பாலை கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைக் குறிப்பிடுகின்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகளுட் பல, பேணும் முறை அறிந்தார் இன்மையால் மடிந்தன என்கின்றார். அங்கு பிறந்த குட்டிகளும் சிறுத்துக் கால்கோணிப் பயனற்றுப் போயின என்கின்றார். அவர் கூற்றில் மிகை இருக்கலாம். தட்பவெப்பமும் ஒரு காரணமாகலாம். ஆயினும் ஓர் உண்மை தெளிவு. குதிரையை விலைக்கு வாங்கலாம். அதனை ஈனச்செய்து குட்டியைக் காக்கும் அறிவை அவ்வாறு வாங்குதல் அரிது. அது இலாயத்தில் உழைத்தோரிடம் தலைமுறைதோறும் திரண்ட அறிவாகும். அவ்வறிவின் ஒரு கூறாகிய ஈற்றுக்குறிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்கணக்கு மட்டும் இங்கு போதாது. பெட்டைக்குதிரை பதினொரு மாதம் சுமந்து பன்னிரண்டாம் மாதத்தில் ஈனும் என்றார் அரிஸ்டோட்டில். இன்றைய கணக்கிற் சூற்காலத்தின் சராசரி ஏறத்தாழ 340 நாள். ஆனால் 320 நாளில் ஈனுவதும் 365 நாளில் ஈனுவதும் இயல்பெல்லைக்கு உட்பட்டனவே. மறுபுறம், பன்னீர்க்குடம் உடைந்தபின் குட்டி வெளிவருவதற்கு ஆகும் காலமோ 20 முதல் 30 நிமிடம் வரையே. அவ்வேளையிற் குட்டியின் கால் மடங்கியோ தலை திரும்பியோ இருப்பின், உதவிக்கு ஆள்தேடி ஓடுவதற்கும் அவகாசம் இராது. மாதக்கணக்கில் நெகிழ்ச்சியும் நிமிடக்கணக்கில் நெருக்கடியும் ஒருங்கே அமைந்தமையாலேயே குறியறிதல் இன்றியமையாததாகின்றது.

குறிகள் பொதுவாக ஓர் ஒழுங்கிலே தோன்றும். ஈற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்னர் மடி பருக்கத் தொடங்கும். தொடக்கத்தில் இரவிற் பருத்துப் பகலில் நடமாட்டத்தால் வற்றும் மடி, பின்னர் வற்றாது நிலைக்கும். வாலடியின் இருமருங்கிலும் உள்ள தசைநார்கள் தளர்ந்து, அவ்விடம் குழிந்து தோன்றும். ஈற்றுக்குச் சில நாள் முன்னர் முலைக்காம்புகள் நிறையும். ஓரிரு நாள் முன்னர் அவற்றின் நுனியில் மெழுகுபோன்ற துளிகள் உறைந்து நிற்கும். யோனிவாய் நீண்டு தளரும். இறுதி மணித்தியாலங்களில் விலங்கு அமைதியிழந்து, வியர்த்து, விலாவைத் திரும்பிப் பார்த்து, படுப்பதும் எழுவதுமாக இருக்கும்.

இவ்வனுபவ அறிவை இரசாயனச் சோதனை மேலும் கூர்மைப்படுத்தியுள்ளது. ஈற்றுக்கு முந்திய நாட்களில் மடிச்சுரப்பிற் சோடியம் குறைந்து பொற்றாசியம் கூடும். கல்சியம் விரைந்து உயரும். நீரின் வன்மையை அளக்கும் எளிய சோதனைத்தாளே இதற்குப் போதுமானது. மில்லியனில் 200 பங்கென்னும் அளவைக் கடந்தால் பெரும்பாலான பெட்டைகள் மூன்று நாளுக்குள் ஈனும். எனினும் இச்சோதனை ‘இன்றிரவு ஈனும்’ என்பதிலும் ‘இன்றிரவு ஈனாது’ என்பதையே கூடுதல் உறுதியுடன் சொல்லும்.

இம்மாற்றங்களுக்கு அடிப்படை யாது? கருப்பையிலுள்ள குட்டியின் அதிரினற்சுரப்பி சூற்காலத்தின் இறுதிச் சில நாட்களிலேயே முதிர்ந்து கோட்டிசோலைப் பெருமளவிற் சுரக்கின்றது. சுவாசப்பை முதலிய உறுப்புகள் வெளியுலக வாழ்வுக்கு ஆயத்தமாவதும் அப்போதே. எனவே மடிச்சுரப்பின் மாற்றம், தாயின் நிலையை மட்டுமன்றிக் குட்டியின் முதிர்ச்சியையும் ஓரளவு அறிவிக்கின்றது. நாளைக் குட்டி தேர்கின்றது, நேரத்தைத் தாய் தேர்கின்றாள் என்பது குதிரை வளர்ப்போர் கூற்று. இதில் உண்மை உண்டு. சூழலிற் குழப்பம் நேரின் தாய் ஈற்றைச் சில மணித்தியாலங்கள் பிற்போடக்கூடும். இங்கிலாந்தில் றொஸ்டேல், ஷோர்ட் ஆகியோர் 1967இல் வெளியிட்ட ஆய்வில், 86 வீதமான ஈற்றுகள் மாலை 7 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையே நிகழ்ந்தன. திறந்த வெளியில் வாழ்ந்த மூதாதையரின் தற்காப்பே இவ்விரவு வழக்கமாயிற்று எனக் கருதுவர்.

குறிகள் பிறழ்வதும் உண்டு. ஈற்றுக்கு நெடுநாள் முன்னரே மடி பருத்துப் பால் கசியுமாயின், அது சூல்வித்தக அழற்சியின் அறிகுறியாகலாம். அமெரிக்காவிற் பெசுக்யூ என்னும் புல்லை மேய்ந்த பெட்டைகளில் இதற்கு மாறான நிலை காணப்பட்டது. அப்புல்லில் வாழும் பங்கசின் நச்சுப்பொருள் புரோலற்றின் சுரப்பைத் தடுத்தமையால், நாள் கடந்தும் மடி பருக்கவில்லை. ஆகவே ஒரு குறியை மட்டும் நம்பாது, பல குறிகளை நாள்தோறும் ஒப்புநோக்குதல் வேண்டும்.

ஈற்றின்போது முதலில் வெண்ணிறச் சவ்வு தோன்றுவதே இயல்பு. செந்நிற வெல்வெற்றுப் போன்ற சவ்வு தோன்றுமாயின் சூல்வித்தகம் முன்கூட்டியே பிரிந்துவிட்டது. குட்டிக்கு ஒட்சிசன் தடைப்படுகின்றது. அதனை உடனே கிழித்துக் குட்டியை வெளியேற்றல் வேண்டும். பிறந்த குட்டி ஒரு மணித்தியாலத்தில் எழுந்து நிற்கவும், இரண்டில் முலையுண்ணவும், மூன்றுக்குள் தாயின் இளங்கொடி விழவும் வேண்டும். குதிரையின் சூல்வித்தகத்தினூடாகப் பிறபொருளெதிரிகள் குட்டியைச் சென்றடைவதில்லை. கடும்பு எனப்படும் முதற்பாலே அதன் ஒரே அரண். முதல்நாள் கழிந்தால் அவற்றை உறிஞ்சும் ஆற்றலைக் குடல் இழந்துவிடும்.

அனுபவ அறிவு முழுவதும் பிழையற்றதன்று. குட்டியின் நெற்றியில் ஒரு தசை வளர்கின்றது, தாய் அதனை நக்கித் தின்கின்றது என்னும் நம்பிக்கை பண்டைக் கிரேக்கரிடையே இருந்தது. அதனை வசிய மருந்தாகவும் விற்றனர். உண்மையில் அது கருப்பைத் திரவத்தில் திரளும் ஒரு படிவே. விஞ்ஞானம் அக்கற்பனையைக் களைந்தது. மெழுகுத் துளியையோ களையாது விளக்கியது. இலாயத்தில் விழித்திருந்தவரின் கண்ணும் ஆய்வுகூடத்தின் அளவையும் ஒன்றையொன்று திருத்தி வளர்ந்ததன் பயனே இவ்வறிவு.

நெடுந்தீவிலே ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டற்றுத் திரிகின்றன. அவை காப்பாரின்றியே ஈனுகின்றன. வறட்சிக் காலங்களில் நீருக்கும் மேய்ச்சலுக்கும் அல்லற்படுகின்றன. சூற்பெட்டைகளை இனங்கண்டு, அவற்றின் இறுதி மாதங்களில் நீர்நிலைகளைப் பேணுவதற்கு இவ்வறிவு பயன்படுமாயின், அதுவே அதன் தக்க பயனாகும்.