கேட்டுப் பழகிய காது: கேமரன் மலைத் தோட்டங்களும் இளையராஜாவின் புதிய பாடல்களும்

மூத்த கலைஞர் ஒருவரின் தொடக்ககாலப் படைப்புகளை உயிராகப் போற்றிய ரசிகர்களே அவருடைய பிற்காலப் படைப்புகளை ஒருமுறை கேட்டுவிட்டு ஒதுக்கிவிடுவது, இசை வெகுமக்கள் கலையாக வளர்ந்த இடங்களில் எல்லாம் காணப்படுகிறது. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் ராக் இசைக்குழுக்களை முன்வைத்துப் பேசப்படும். மின்கிதாரையும் டிரம்ஸையும் உரத்த குரலையும் அடிப்படையாகக் கொண்டு, 1950களில் அமெரிக்காவில் உருவான துள்ளிசையிலிருந்து கிளைத்த இசைவகையே ராக் எனப்படுகிறது. தமிழரிடையே அந்த இடத்தைத் திரையிசை நிரப்பியதால், இது ஏன் நேர்கிறது என்ற கேள்வி இங்கே வேறு எவரையும்விட இசையமைப்பாளர் இளையராஜாவைச் சுற்றியே எழுகிறது. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் 1970களின் இறுதியிலும் 1980களிலும் வளர்ந்த தலைமுறையினரின் வாழ்வோடு அவருடைய பாடல்கள் ஒட்டிக்கொண்ட விதத்தைப் பார்த்தால், அந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி தெளிவாகிறது.

லயத்தில் ஒலித்த வானொலி

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் தொடங்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தது பெரும்பாலும் கங்காணிமார் வழியாகவே. தம் சொந்த ஊரிலிருந்தே ஆள் திரட்டி வந்து, அவர்களை மேற்பார்வையும் செய்தவர்கள் அந்தக் கங்காணிமார். 1938இல் இந்திய அரசு இவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடைசெய்த பிறகு, ஏற்கெனவே வந்து சேர்ந்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் தோட்டங்களையே ஊராக்கிக்கொண்டார்கள். ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய சிற்றூர்களைச் சுற்றி விரிந்த தோட்டங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் போலவே தமிழ்ப் பாட்டும் அவர்களுடைய பொதுச் சொத்தாயிற்று.

ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், ஒரு வீட்டில் வைத்த வானொலி அடுத்தடுத்த வீடுகளுக்கும் கேட்கும். விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கும் கூடலுக்குப் போய், பிறகு பனி விலகாத சரிவுகளில் கொழுந்து பறித்துத் திரும்பும் மக்களுக்கு, மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பு மாலை நேரத்தின் பெருந்துணையாக இருந்தது. பின்னாளில் மின்னல் எஃப்எம் என்று பெயர்பெற்ற அந்த ஒலிபரப்பில் எந்தப் பாட்டு எப்போது வரும் என்பதைக் கேட்பவர் முடிவுசெய்ய இயலாது. வந்த பாட்டை லயமே சேர்ந்து கேட்டது. திருவிழா நாட்களில் கோயில் ஒலிபெருக்கியும், திருமண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியும் அதே பாடல்களை மலைச்சரிவு முழுவதும் பரப்பின.

வானொலிக்குப் பிறகு வந்த கேசட் இந்தப் பழக்கத்தை மேலும் ஆழப்படுத்தியது. அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் முப்பது நிமிடங்கள், அதாவது ஆறேழு பாடல்கள் அடங்கும். நடுவிலுள்ள ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்றால், நாடாவை முன்னோக்கி ஓட்டி, நிறுத்திப் பார்த்து, தாண்டிப் போயிருந்தால் பின்னோக்கி ஓட்டி, மறுபடியும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அடிக்கடி ஓட்டினால் நாடா சிக்கும், பேட்டரியும் விரைவில் தீரும். ஆகவே பெரும்பாலோர் ஒரு பக்கம் முழுவதையும் அப்படியே ஓடவிட்டார்கள். முதல்முறை கேட்டபோது மனத்தில் ஒட்டாத பாட்டும் அதனால் பத்தாவது முறை கேட்கப்பட்டது, இருபதாவது முறை வாயில் முணுமுணுப்பாக வந்தது. கருவியின் குறைபாடே புதிய பாட்டுக்குப் பொறுமையான காதை அமைத்துக்கொடுத்தது.

இளமையில் பதிந்த இசை

ஒருவர் எந்த வயதில் கேட்ட பாட்டை வாழ்நாள் முழுவதும் விரும்புகிறார் என்று அமெரிக்க ஆய்வாளர்களான மோரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் ஆராய்ந்து, 1989இல் தம் முடிவை வெளியிட்டார்கள். வெவ்வேறு வயதினருக்கு வெவ்வேறு காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டியபோது, கேட்பவருக்கு ஏறத்தாழ 24 வயதாக இருந்த காலத்தில் புகழ்பெற்றிருந்த பாடல்களே அதிக விருப்பத்தைப் பெற்றன. வேலை, காதல், திருமணம், குழந்தைப்பேறு ஆகிய பெரிய திருப்பங்கள் நிகழும் பருவத்தின் நினைவுகள் மற்றப் பருவ நினைவுகளைவிடச் செறிவாகப் பதிகின்றன; உளவியலார் இதை நினைவு மேடு என்பார்கள். அந்த மேட்டில் நின்று ஒலிக்கும் பாட்டுக்குத் தன் இசையழகோடு கேட்பவரின் இளமையும் துணைநிற்கிறது. ராபர்ட் ஸாயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் நிறுவிய மற்றோர் உண்மையும் இங்கே பொருந்தும்: ஒன்றை மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும்போது, வேறு காரணம் எதுவும் இல்லாமலே அதன்மேல் விருப்பம் வளர்கிறது.

1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா அறிமுகமானபோது இருபது வயதில் இருந்த தோட்டத்துத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்த்தால், இந்த இரண்டு உண்மைகளும் அவரிடத்தில் ஒன்றுசேர்ந்து நிற்பது விளங்கும். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘பதினாறு வயதினிலே’ படத்தில் பாடிப் புகழ்பெற்ற மலேசியா வாசுதேவன் மலேசியாவிலேயே பிறந்து சென்னைக்குப் போனவர் என்பது அந்தத் தொழிலாளிக்குக் கூடுதல் பெருமை. அவருடைய காதலும் கல்யாணமும் முதல் பிள்ளையின் தாலாட்டும் ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) போன்ற படங்களின் பாடல்களோடு நடந்தன. அறுபத்தேழு வயதில் அவர் கேட்கும் ‘விடுதலை’ (2023) படப் பாட்டு எவ்வளவு சிறந்ததாயினும், அதற்குத் துணைநிற்க அவரிடம் இன்னொரு இளமை இல்லை.

ரசிகரின் குறையும் அதன் நியாயமும்

இதனால் பழைய ரசிகரின் மனக்குறை வெறும் நினைவு மயக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. இசை உருவாகும் முறை உண்மையாகவே மாறியிருக்கிறது. 1970களிலும் 1980களிலும் வயலின் கலைஞர்கள், குழல் கலைஞர், தாளக் கலைஞர்கள், பாடகர் ஆகிய அனைவரும் ஒரே நேரத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடி, ஒருவர் பிழைசெய்தாலும் முதலிலிருந்து தொடங்கும் கட்டுப்பாட்டுடன் பாட்டைப் பதிவுசெய்தார்கள். பிற்காலத்தில் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு நாளில் தனித்தனித் தடமாகப் பதிவாகி, கணினியில் இணைக்கப்பட்டது. தடம் என்பது ஒரு கருவியின் அல்லது குரலின் ஒலியை மட்டும் தாங்கும் தனிப் பதிவு. பல கலைஞர்கள் ஒரே மூச்சாக வாசித்தபோது எழுந்த உயிரோட்டம் இம்முறையில் குறைந்துவிட்டதாகப் பழைய ரசிகர் உணர்வது ஆதாரமற்ற புலம்பலன்று.

இளையராஜாவின் இசை தனிமனிதரின் இசையாக அறியப்பட்டாலும், கேட்பவரின் மனத்தில் பதிந்தது ஒரு குழுவின் ஒலி. அதில் கண்ணதாசன், வாலி, வைரமுத்து ஆகியோரின் வரிகளும், எஸ். பி. பாலசுப்ரமணியம், எஸ். ஜானகி, மலேசியா வாசுதேவன், சுவர்ணலதா ஆகியோரின் குரல்களும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். வைரமுத்துவுடனான கூட்டு 1986இன் ‘புன்னகை மன்னன்’ காலத்தோடு முடிந்தது. சுவர்ணலதா 2010இலும், மலேசியா வாசுதேவன் 2011இலும், வாலி 2013இலும், பாலசுப்ரமணியம் 2020இலும் மறைந்தார்கள். மேடையில் நிற்கும் பெயர் அதுவேயாயினும், அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த குடும்பம் கலைந்துவிட்டது. புதிய பாட்டைக் கேட்கும் பழைய ரசிகர் பாலசுப்ரமணியத்தின் குரலைத் தேடி ஏமாறுவது இயல்பே.

ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய அநீதியும் மறைந்திருக்கிறது. 1990இல் வந்த ‘அஞ்சலி’ இளையராஜாவின் ஐந்நூறாவது படமாகவும், 2016இல் வந்த ‘தாரை தப்பட்டை’ ஆயிரமாவது படமாகவும் கணக்கிடப்படுகின்றன. முதல் ஐந்நூறு படங்கள் பதினான்கு ஆண்டுகளில், ஆண்டுக்குச் சராசரி முப்பத்தைந்து என்ற வேகத்தில் வந்தன; அடுத்த ஐந்நூறுக்கு இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. படத்துக்கு நான்கைந்து பாடல்கள் என்று கொண்டாலும் முதல் காலத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் பிறந்திருக்க வேண்டும். அவற்றுள் இன்று நினைவில் நிற்பவை சில நூறு. மற்றவற்றைக் காலம் சலித்து எடுத்துவிட்டது. பழைய ரசிகர் சலித்தெடுத்த மணிகளை ஒரு கையிலும், இன்னும் சலிக்கப்படாத புதிய விளைச்சலை மறு கையிலும் வைத்து எடைபோடுகிறார். மூன்றாம் தரமான பாட்டு 1983இலும் இருந்தது. அதை மறந்துவிட்டதால் அந்த ஆண்டு பொற்காலமாகத் தெரிகிறது.

மாறினாலும் குற்றம், மாறாவிட்டாலும் குற்றம்

மூத்த கலைஞர் எதிர்கொள்ளும் முறையீடுகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில், சாதாரணக் கிதாரோடு பாடிப் புகழ்பெற்ற பாப் டிலன் மின்கிதாரை ஏந்தி மேடையேறியபோது, அவையில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அவர் மாறிவிட்டார் என்பது அவர்கள் குறை. 1962இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு, பதினெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2023இல்தான் தம் புதிய பாடல்களின் தொகுப்பை வெளியிட்டது. ஆயினும் அவர்களுடைய கச்சேரிகளுக்குத் திரளும் மக்கள் கேட்க விரும்புவது 1960களிலும் 1970களிலும் வந்த பாடல்களையே. இளையராஜாவுக்கும் இரண்டும் நேர்ந்தன. ‘நீதானே என் பொன்வசந்தம்’ (2012) படத்துக்கு அவர் எட்டுப் பாடல்களை வெளிநாட்டு வாத்தியக் கலைஞர்களைக் கொண்டு அமைத்தபோது, ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பழைய நடையில் அமைந்த வேறு படங்களுக்கோ அதே நடை என்ற சலிப்பே பதிலாகக் கிடைத்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் வாத்தியக் குழு அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. பெரிய வாத்தியக் குழு வாசிக்க, பல பகுதிகளாக நீளும் மேலை இசைவடிவமே சிம்பொனி. எண்பதைக் கடந்த வயதில் இவ்வளவு கடினமான வடிவத்தைத் தொட்டவரைத் தேங்கிப்போனவர் என்று சொல்ல இடமில்லை.

அடுத்த தலைமுறையின் காது

கரோல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத ஒன்றைக் காட்டியது: இருபது வயதுள்ள மாணவர்கள் தம் காலத்துப் பாடல்களோடு தம் பெற்றோர் இளைஞராக இருந்த காலத்துப் பாடல்களிடமும் தனியான பற்றுக் கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒலித்த பாட்டு பிள்ளைக்கும் சொத்தாகிறது. மலேசியத் தமிழ் இளைஞர்களின் யோகி பி அண்ட் நட்சத்ரா குழு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு இதற்கு நல்ல சான்று. தாளத்தோடு சொற்களை வேகமாக அடுக்கிப் பேசும் ராப் நடையில் பாடிய அந்த இளைஞர்கள், ‘நிழல்கள்’ (1980) படத்தின் இளையராஜா பாட்டை அடித்தளமாகக் கொண்டு தம் புதிய பாட்டை அமைத்தார்கள். 2024இல் வெளிவந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம், ‘குணா’ (1991) படப் பாட்டை அது வெளிவந்தபோது பிறக்காதவர்களின் வாயிலும் ஏற்றியது. பழைய பாட்டுக்கு இவ்வாறு மறுபிறவி கிடைக்கும்போது, அதே கலைஞரின் புதிய பாட்டுக்கு முதல் பிறவியே கிடைப்பது அரிதாகிறது.

அதற்குக் காரணம் கேட்கும் சூழல் சிதறியதே. இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரே பெருமளவில் வேலை செய்கிறார்கள்; தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். மலையில் தங்கிய பெற்றோரும் நகரில் வாழும் பிள்ளையும் தனித்தனிக் கைப்பேசியில், தனித்தனிக் காதொலிப்பானில் பாட்டுக் கேட்கிறார்கள். பிடிக்காத பாட்டைத் தாண்ட விரல் நுனி போதும். ஒரே பாட்டை ஒரே மாலையில் இருபது வீடுகள் கேட்டு, மறுநாள் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டே அதைப் பற்றிப் பேசும் வாய்ப்பு இல்லாதபோது, எந்தப் புதிய பாட்டும், அது இருபத்தைந்து வயது இசையமைப்பாளருடையதாயினும், ஊர்ப் பாட்டாக வேர்பிடிக்க வழியில்லை.

ஆகவே ஆர்வம் குன்றியதற்குக் கலைஞரின் முதுமையை மட்டும் காரணமாக்குவது பாதி உண்மையே. பழைய பாட்டுக்கு இருபது முறை கேட்கும் பொறுமை கிடைத்தது. புதிய பாட்டுக்கு முப்பது விநாடி கிடைக்கிறது. தன் வாழ்வின் நல்ல காலத்தை அழகாக்கித் தந்த கலைஞருக்கு ரசிகர் செலுத்தக்கூடிய மெய்யான நன்றி, பழைய பாட்டைப் போற்றிக்கொண்டிருப்பதோடு நின்றுவிடக் கூடாது. ‘விடுதலை’யின் பாடல்களையோ அந்தச் சிம்பொனியையோ முழுமையாக, பல முறை, முடிந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதன் பிறகு நன்று என்றோ நன்றன்று என்றோ தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவ்வாறு கேட்ட பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் அது நேர்மையான விமரிசனம். எந்தக் கலைஞரும் அதை மதிக்கவே செய்வார். கேட்காமலே ஒதுக்குவதோ, அந்த ரசிகர் ஒருகாலத்தில் லயத்து வானொலியின் முன் காட்டிய பொறுமையைத் தாமே மறந்துவிடுவதாகும்.