ஒரு கிராம் மல்லி, ஒரு மைக்ரோவோல்ட்

ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டில் மின்னணுத் தராசின் தட்டில் மல்லியை அள்ளிப் போடுகிறார்கள். ஒரு பிடி கூடினாலும் எண் ஏறிவிடுகிறது. தட்டுக்கு அடியில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு சின்ன அலுமினியக் கட்டை இருக்கிறது. பெயர் லோடு செல். ஒரு முனையைத் தராசின் உடம்போடு முடுக்கியிருப்பார்கள். மறுமுனை தட்டைத் தாங்குகிறது. எடை ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டிய மெல்லிய உலோகத் தகடுதான் ஸ்ட்ரெயின் கேஜ். இழுபட்டால் அதன் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும். 1938-இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். ரூஜ் அப்போது தண்ணீர்த் தொட்டிகள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

350 ஓம் கேஜில், முழு எடை ஏறினாலும் மாற்றம் சுமார் 0.7 ஓம்தான். 10 கிலோ தராசுக்கு 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 10 மில்லிவோல்ட். அப்படியானால் ஒரு கிராம் பூவுக்கு ஒரே ஒரு மைக்ரோவோல்ட்! அதைப் பெருக்கி, எண்ணாக்கித் திரையில் காட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய தலைவலி வெயில். திருச்சிச் சூட்டில் உலோகம் தானாகவே விரியும். எடையே இல்லாமல் எண் நகரும். அதனால் நான்கு கேஜ்களை ஒட்டி, வீட்ஸ்டோன் சமனச் சுற்றாக இணைக்கிறார்கள். எடைக்கு இரண்டு நீளும், இரண்டு சுருங்கும். வித்தியாசம் சேர்ந்து வெளியே வரும். சூடு நான்கையும் ஒரே மாதிரி தாக்குவதால் பெரும்பாலும் தானே கழிந்துபோகும். இந்த யோசனையின் அழகை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதையெல்லாம் முறையாகப் படிக்க திருச்சியிலேயே இடம் உண்டு. தஞ்சாவூர் சாலையில், துவாக்குடி அருகே 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான என்.ஐ.டி.யில், கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல் துறை 1993 முதல் இயங்குகிறது. சென்சாரில் ஆசை உள்ள பிள்ளைகள் கணினித் துறை ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சூத்திரத்தோடு கைப்பழக்கமும் வேண்டும். கேஜ் ஒட்டுமுன் உலோகத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தில் விரல் பட்டால், அந்த வியர்வையே பசையைச் சரியாகப் பிடிக்க விடாது. மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.