செவிலியரின் துயரத்தை அளத்தல்

உடலின் வெப்பத்தை அளக்கக் கருவி உண்டு. குருதி அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. ஒருவரது மனத்துயரை அளப்பது எங்ஙனம்? அதிலும், தாம் பேணிய நோயாளியை இழந்த செவிலியரின் துயரை அளக்க இயலுமா?

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் வித்துரா. கேரள அரசு 2008-ஆம் ஆண்டில் பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இந்திய மாநிலங்களுள் இத்தகைய கொள்கையை முதலில் வகுத்தது கேரளமே. அதன்பின் உள்ளாட்சி அமைப்புகளின் வாயிலாக, தீரா நோயுற்றோரை அவர்தம் இல்லத்திலேயே கண்டு பேணும் முறை பரவியது. இவ்வகைப் பணியில் செவிலியர் பல மாதங்கள் ஒரே வீட்டிற்குச் சென்று வருவர், புண்ணுக்கு மருந்திடுவர், வீட்டாரின் கவலைகளையும் கேட்பர். ஆகவே, நோயாளி இறக்கும்போது அவருக்கு நேரும் இழப்பு சிறிதன்று. ஆயினும், உறவினரின் துயரை ஊரார் அறிவர். செவிலியரின் துயரை எவரும் வினவுவதில்லை. இவ்வாறு பிறரால் ஏற்கப்படாத துயரின் இயல்பை அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் விளக்கினார்.

இதனை அளப்பதனால் பயன் யாது? கனடாவில் லீயட் கிரானெக் என்பாரும் அவர்தம் குழுவினரும் புற்றுநோய் மருத்துவர் 20 பேரிடம் நேர்காணல் நிகழ்த்தி, 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெளிப்படுத்தாத துயரம் நோயாளியிடமிருந்து விலகி நிற்கவும், சிகிச்சை பற்றிய முடிவுகளை மாற்றவும் காரணமாதல் கூடும் என்பது அதனால் தெரியவந்தது. எனவே, இது செவிலியரின் நலத்தோடு அடுத்த நோயாளியின் நலத்தையும் பற்றியதாகும்.

துயரத்தையும் பணிச்சோர்வையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. கிறிஸ்டினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981-இல் வெளியிட்ட 22 வினாக்கள் கொண்ட அளவுகோல் பணிச்சோர்வையே அளக்கும். ஓய்வு பணிச்சோர்வைக் குறைக்கக்கூடும். இழப்பிற்கோ ஓய்வு மட்டும் போதாது. பிற்காலத்தில் சீன நாட்டு மருத்துவரையும் செவிலியரையும் கொண்டு உருவாக்கப்பட்ட தொழில்சார் இழப்புத்துயர் அளவுகோல் இரு கூறுகளை உடையது. ஒன்று, ஓர் இறப்பையடுத்துத் தோன்றும் வருத்தம், குற்றவுணர்வு முதலியன. மற்றொன்று, பல இறப்புகளைக் கண்டதனால் நாளடைவில் திரண்ட மாற்றங்கள். இம்மாற்றங்கள் யாவும் தீயன அல்ல. மரண அச்சம் மிகுதலும் உண்டு, வாழ்வைப் பற்றிய தெளிவு பிறத்தலும் உண்டு.

இத்தகைய அளவுகோலை நம் நாட்டில் பயன்படுத்துமுன், வினாக்களை மலையாளத்திலோ தமிழிலோ பெயர்த்து, அதனை வேறொருவர் மூலமொழிக்கு மீண்டும் பெயர்த்து ஒப்புநோக்குதல் வேண்டும். பின்னர்ச் சிலரிடம் வினவி, வினாவின் பொருள் திரியாமல் விளங்குகிறதா எனக் காணவேண்டும். ஆசிரியர்கள் அளவையின் நம்பகத்தன்மையை மாணவர்க்கு விளக்க இஃது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

களப்பணியாளர் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். விடைத்தாளில் பெயர் கேட்டலாகாது. மதிப்பெண்ணைப் பணித்திறனின் குறைபாடாகக் கருதுதலும் ஆகாது. அவ்வாறு கருதப்படும் என அஞ்சினால் எவரும் உண்மையை எழுதார். துயரம் மிகுந்திருப்பதாகத் தெரிந்தால், குழுவினர் ஒன்றுகூடி இறந்தவரைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குதலும், தக்க ஆலோசகரிடம் வழிப்படுத்துதலும் கடமையாம். அளந்தபின் உதவி செய்யாவிடில், அளந்ததனால் பயனில்லை.