காணாமல் போகும் புள்ளி

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சிறியதாக ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதே மட்டத்தில், வலப்பக்கமாக 8 செ.மீ. தள்ளி, துவரம்பருப்பு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். சோதனைக்கு இவ்வளவு போதும்.

இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொள்ளுங்கள். தாளைக் கை நீட்டிப் பிடித்து, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். புள்ளி ஓரமாகத் தெரியும். ஆனால் பார்வை அந்தப் பக்கம் ஓடக்கூடாது. இப்போது தாளை மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்தில் புள்ளி சட்டென்று மறைந்துவிடும்! இன்னும் கிட்டே கொண்டுவந்தால் மறுபடி தெரியும்.

புள்ளி எங்கே போனது?

கண்ணின் உட்புறம், பின்பக்கத்தில் விழித்திரை இருக்கிறது. ஒளியை உணரும் செல்கள் அதில் கோடிக்கணக்கில் உள்ளன. அவை தரும் சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பிழைகள் விழித்திரையின் முன்பக்கத்தில் ஓடுகின்றன. சுமார் 10 லட்சம் இழைகள் ஓரிடத்தில் கூடி, பார்வை நரம்பு என்ற ஒரே கற்றையாகி, விழித்திரையைத் துளைத்துக்கொண்டு பின்னால் வெளியேறுகின்றன. வயர் வெளியே போக வீட்டுச் சுவரில் ஓட்டை போடுவோமே, அந்த மாதிரி. அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அதற்குப் பெயர் குருட்டுப்புள்ளி. தாளிலிருந்த புள்ளியின் பிம்பம் சரியாக அங்கே விழுந்ததால்தான் அது காணாமல் போனது.

இதை 1660களில் முதலில் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் எட்மே மரியோட். கண்களை அறுத்துப் பார்த்தபோது, பார்வை நரம்பு கண்பாவைக்கு நேர் பின்னால் இல்லாமல் மூக்குப் பக்கமாக விலகியிருப்பதைக் கவனித்தார். அந்த இடத்தில் பிம்பம் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். சுவரில் இரண்டு வட்டத் தாள்களை ஒட்டி, ஒன்றைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். மற்றொன்று மறைந்துபோனது!

எல்லா உயிர்களுக்கும் இப்படி இல்லை. ஆக்டோபஸுக்கு நரம்பிழைகள் விழித்திரையின் பின்பக்கத்தில் ஓடுவதால், அதற்குக் குருட்டுப்புள்ளியே கிடையாது.

நமக்கு இருக்கிறதே, தினமும் ஏன் தெரிவதில்லை? ஒரு கண் விட்டதை மறு கண் பார்த்துவிடும். ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் மூளை சும்மா இருக்காது. புள்ளியின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டு, சோதனையை மறுபடி செய்யுங்கள். புள்ளி மறையும், கோடு மட்டும் அறுபடாமல் நேராகத் தெரியும். சுற்றிலும் இருப்பதை வைத்து, இல்லாத இடத்தை மூளையே இட்டு நிரப்பிவிடுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கிளாக்கோமா என்னும் நோயில் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வை குறைந்தாலும் மூளை அதை மூடி மறைத்துவிடுவதால், பலருக்கு நோய் முற்றும்வரை தெரிவதில்லை. போன பார்வையைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே இந்தச் சோதனையை அப்பா அம்மாவுக்கும் தாத்தா பாட்டிக்கும் செய்து காட்டுங்கள். ஆனால் இது வெறும் வேடிக்கைச் சோதனை. நோயைக் கண்டுபிடிக்க உதவாது. 40 வயதைத் தாண்டியவர்கள் கண் மருத்துவரிடம் ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள்.