அலுவலகக் கம்பளமும் அதன் அழுக்கும்

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் தரையில் பதிக்கப்பட்டிருப்பது, 50 செ.மீ. பக்கமுள்ள சதுரத் துண்டுகளாக வரும் ‘கார்ப்பெட் டைல்’ ஆகும். நைலான் இழைகளை மேற்பரப்பாகவும் கெட்டியான செயற்கைப் பொருளை அடித்தளமாகவும் கொண்ட இத்துண்டுகளில் ஒன்றைப் பெயர்த்தாலே தரைக்கு அடியில் ஓடும் மின்கம்பிகளை எட்டிவிடலாம் என்பதும், காலடி ஓசையை இவை அடக்கிவிடுகின்றன என்பதும் அலுவலகங்கள் இவற்றை விரும்புவதற்குக் காரணங்கள். ஆனால் பராமரிப்பில் ஒரு தவறான கணக்கு நிலவுகிறது. கண்ணுக்கு அழுக்காகத் தெரியும்வரை விட்டுவைத்து, பிறகு ஆள் அழைத்து ‘ஷாம்பூ’ போட்டுக் கழுவினால் போதும் என்பதே அது. அழுக்கு தெரியத் தொடங்கும் வேளையில் சேதத்தின் பெரும்பகுதி நேர்ந்து முடிந்திருக்கும்.

கம்பளத்தில் சேர்வது பெரும்பாலும் ஈரமற்ற துகள்களே; அவற்றில் மிகுந்த தீங்கு செய்வது காலணியோடு வரும் மணல். மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம், கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் 7ஆம் நிலையில் இருக்க, நைலான் அதைவிட மிகவும் மென்மையானது. எனவே இழைகளின் அடியில் தங்கிவிட்ட மணல், ஒவ்வொரு காலடி அழுத்தத்துக்கும் அரம்போல் இழையைக் கீறுகிறது. கீறல் விழுந்த இழை ஒளியைச் சிதறடிப்பதால், மின்தூக்கி வாசலிலும் நடைவழியிலும் சாம்பல் நிறத் தடம் ஒன்று உருவாகிறது. அத்தடத்தின் நிறத்துக்குக் காரணம் அழுக்கு மட்டுமன்று, தேய்மானமும்தான் என்பதால் எந்தச் சோப்பும் அதை முழுமையாக நீக்காது. அழுக்கை மறைப்பதற்கென்றே இழையின் குறுக்குவெட்டை மும்மடல் வடிவில் வார்க்கும் உற்பத்தியாளர்களின் உத்தி, தோற்றத்துக்கு நன்மை செய்தாலும், சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடவும் துணைபோகிறது.

ஆகவே பராமரிப்பு வாசலிலேயே தொடங்க வேண்டும். உள்ளே வருபவரின் இரு காலணிகளும் பலமுறை பதியும்படி சில மீட்டர் நீளத்துக்கு மிதியடி விரிப்பு இருந்தால்தான் மண் அங்கேயே உதிரும். நிறுவனத்தின் சின்னம் பொறித்த சிறு விரிப்பு பெயரை அறிவிக்குமே தவிர மண்ணைத் தடுக்காது. அதைக் கடந்து வருவதை நாள்தோறும் எடுப்பது வேக்குவம் கிளீனர் என்ற தூசி உறிஞ்சியின் வேலை. தூசியை ஊதித் தள்ளுவதைவிட உறிஞ்சி வடிகட்டுவதே சரி என்ற எண்ணத்தை 1901இல் இயந்திரமாக்கியவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஹூபர்ட் செசில் பூத். மறு ஆண்டு ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் அவருடைய இயந்திரமே. இன்றைய கருவிகளில் சுழலும் தூரிகை இழையை நிமிர்த்தி அடிமண்ணைக் கிளப்புகிறது. அதனால் பயன் கிடைக்க வேண்டுமானால் கருவியை மெதுவாக நகர்த்த வேண்டும். பை நிரம்ப நிரம்ப உறிஞ்சும் விசை குறையும் என்பதால் அதை உரிய நேரத்தில் மாற்றவும் வேண்டும்.

நீரிட்டுக் கழுவுவது இதற்கு அடுத்த படிதான். சோப்பு கலந்த வெந்நீரை அழுத்தத்துடன் செலுத்தி உடனே உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. உலர்ந்ததும் நொறுங்கும் பாலிமர் கலந்த திரவத்தைத் தேய்த்து, அழுக்கைத் தன்னுள் அடக்கிக்கொண்ட அதன் துகள்களைப் பின்னர் உறிஞ்சுவது மற்றொன்று. இதற்குக் குறைந்த ஈரமே போதும். முதல் முறையில் எஞ்சிய சோப்பு பிசுபிசுப்பாகத் தங்கிப் புது மண்ணை ஈர்க்கிறது. எஞ்சிய நீரோ அடியிலுள்ள கறையைக் கரைத்து, ஆவியாகும்போது இழை நுனிக்கு ஏற்றிவிடுகிறது. போய்விட்டதாக நினைத்த கறை திங்கட்கிழமை மீண்டும் தோன்றுவதற்கு இதுவே காரணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் காற்றே ஈரம் சுமந்திருக்கும்போது, சனிக்கிழமை இரவு கழுவிவிட்டு, மின்செலவு கருதி குளிர்சாதனத்தையும் நிறுத்திச் சென்றால், சன்னல் திறக்க முடியாத கட்டடத்தில் ஈரம் வெளியேற வழியில்லை; நாற்றமும் பூஞ்சையும் விரைவில் வந்து சேரும். கழுவிய இரவில் குளிர்சாதனமும் விசிறியும் ஓடுவதற்கான செலவையும் கழுவும் கூலியோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கறைகள் தனித்தனி இயல்புடையவை. பால் கலந்த காபி சிந்தினால் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வெந்நீரைத் தவிர்க்க வேண்டும். சூடு பட்டால் பாலின் புரதம் இறுகிவிடும். ஆயுத பூஜையன்று சிந்தும் மஞ்சள்தூளை நனைக்காமல் உறிஞ்சி எடுப்பதே அறிவுடைமை. காரத்தன்மையுள்ள சோப்பு பட்டால், மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது நிறம் மாறும் அதே வேதிவினை கம்பளத்தின் மீது நிகழ்ந்து செந்நிறக் கறை உண்டாகும். விடுதி அரங்குகளில் விரிக்கப்படும் கம்பளி விரிப்புகளுக்குக் காரமே பகை. குளோரின் வெளுப்பான் கம்பளி இழையையே கரைத்துவிடும்.

பராமரிப்பு ஒப்பந்தங்களில் கழுவுதலுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை எழுதப்பட, அன்றாட உறிஞ்சுதல் பொதுவான துப்புரவுப் பணியில் பெயரளவில் அடங்கிவிடுவதுண்டு. கம்பளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலைக்குத் தனி வரி இல்லாதது விந்தைதான். கார்ப்பெட் டைல் பதித்தவர்களுக்கு மற்றொரு வசதியும் உண்டு. மின்தூக்கி வாசலில் உள்ள துண்டுகளையும் மேசைக்கு அடியில் மிதிபடாமல் கிடப்பவற்றையும் அவ்வப்போது இடம் மாற்றலாம். ஆனால் இரண்டுக்கும் நிற வேறுபாடு தெரிவதற்கு முன்பே மாற்ற வேண்டும். உபரித் துண்டுகளையும், ஒரே சாயத் தொகுதியிலிருந்து கிடைக்கும்படி, பதிக்கும் நாளிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.