பழைய வீட்டைத் திருத்துவதா, வேறிடம் போவதா?

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் நந்திக்கடற் கரையில் போர் முடிவடைந்தது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆயினும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கேள்வி இன்னும் தீரவில்லை. வற்றாப்பளையில் கூரையற்று நிற்கும் வீட்டைத் திருத்துவதா, அல்லது இப்போது இருக்கும் இடத்திலேயே நிலைத்துவிடுவதா?

இக்கேள்வி எழுந்ததும் நாம் முதலில் சுவர்களைத்தான் பார்க்கிறோம். ஆனால் சுவர் விழுந்தால் மீண்டும் எழுப்பலாம். காணி உரிமையையும் நல்ல தண்ணீரையும் இழந்தால் மீளப் பெறுவது கடினம். ஆகவே காணி, தண்ணீர், வயல் ஆகியவற்றை முதலில் ஆராய்ந்து, வீட்டைக் கடைசியில் பார்ப்பதே முறை.

காணி

உங்கள் வளவு உறுதிக் காணியா, அனுமதிப் பத்திரக் காணியா என்பதை முதலில் அறியுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அனுமதிப் பத்திரம் தொலைந்திருந்தால் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தை நாடுங்கள். பத்திரம் இறந்துபோன தகப்பனின் பெயரில் இருந்தால், பின்னுரித்தாளராக யார் பதியப்பட்டார் என்பதையும் கேட்டறியுங்கள்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை அதிகாரியின் அனுமதியின்றி விற்க முடியாது. வேறிடம் போக நினைப்போர் இதை நன்கு மனதிற் கொள்ள வேண்டும். வெறுங் கடிதத்தை நம்பிப் பிறருடைய அனுமதிப் பத்திரக் காணியை வாங்கினால், காசும் வீடும் இரண்டும் போகலாம்.

உறுதிக் காணியை நீண்ட காலம் கவனியாமல் விடுவதும் ஆபத்து. பிறரொருவர் அதைத் தமதெனக் கொண்டு 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தால், ஆட்சியுரிமை கோரி நீதிமன்றம் போக இடமுண்டு. ஆதலால் வேறிடத்தில் வாழ்ந்தாலும் ஆண்டுதோறும் வந்து வேலியடைத்து, பற்றுச்சீட்டுகளைப் பேணி வையுங்கள். யாரேனும் குடியிருந்தால் தாமதியாமல் சட்ட உதவி பெறுங்கள்.

அயற் கிராமமான கேப்பாப்பிலவு மக்கள் 2012இல் சொந்தக் காணிக்குப் போக விடப்படாமல் சீனியாமோட்டையில் குடியமர்த்தப்பட்டனர். காணி இராணுவத்தின் வசம் இருந்தது. 2017 மார்ச்சில் அவர்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். இப்படியான நிலையில் மாற்று வீட்டை ஏற்க நேர்ந்தால், கையொப்பமிடும் தாளில் பழைய காணியின் உரிமை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசித்த பின்னரே ஒப்பமிட வேண்டும்.

தண்ணீரும் வயலும்

கைவிடப்பட்ட வளவுக்குள் நுழையுமுன், அது கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். தூர்ந்த கிணற்றில் வெடிபொருளும் நச்சுக் காற்றும் இருக்கலாம். எவரையும் உடனே இறங்க விடாதீர்கள். இறைத்துத் துப்புரவாக்கிய பின், கோடை முற்றிய ஆவணி மாதத்தில் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். மாரியில் நல்ல தண்ணீராக இருப்பது கோடையில் உவராகலாம். நந்திக்கடலை அண்டிய வளவுகளில் இது முக்கியம். மாரியில் வெள்ளம் எதுவரை ஏறும் என்பதை ஊரிலுள்ள முதியோரிடம் கேளுங்கள்.

வயல் குளத்துப் பாய்ச்சலா, மானாவாரியா? வாய்க்கால் திருத்தப்பட்டுள்ளதா? வீடு மட்டும் மீண்டு வயல் மீளாவிட்டால், அந்த வீட்டில் சோறு பொங்காது.

வீடு

இனி வீட்டைப் பார்ப்போம். அத்திவாரம் ஓரிடத்தில் இறங்கியிருக்கிறதா? தூக்குக்குண்டு விட்டால் சுவர் சாய்ந்து தெரிகிறதா? மேற்பூச்சில் மட்டும் உள்ள மெல்லிய வெடிப்பு பாதகமில்லை. கல்லையும் ஊடறுத்துச் சாய்வாக ஓடும் வெடிப்பே கவனத்துக்குரியது. அதன் குறுக்கே சிறிது சீமெந்து பூசித் திகதியிட்டு, ஒரு மாரி கழியும்வரை விட்டுவையுங்கள். பூச்சு பிளந்தால் அத்திவாரம் இன்னும் அசைகிறது என்பது பொருள்.

மரங்களைக் கத்தி முனையாற் குத்திப் பாருங்கள். கறையான் தின்ற தீராந்தியின் மேல் புதிய ஓடு போடுவது வீண். கொங்கிறீற்றில் கம்பி துருவேறி வெடித்திருந்தால் மேசனின் சொல் மட்டும் போதாது, தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

செலவு

2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டக் கட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. பணம் கட்டங்கட்டமாகக் கிடைத்தது. தொகைக்கு மிஞ்சிய பெரிய வீட்டைத் தொடங்கிக் கடன்பட்ட குடும்பங்கள் பல. 2022 நெருக்கடிக்குப் பின் அத்தொகைகள் இன்றைய விலைக்கு ஈடாகா. ஆயினும் அவற்றின் விகிதம் ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. திருத்தும் செலவு புதுவீட்டுச் செலவின் பாதியைத் தாண்டுமானால், பழைய கல்லையும் கதவு நிலைகளையும் எடுத்துப் புதிதாகக் கட்டுவதே சிக்கனம்.

தீர்மானம்

காணிப் பத்திரமும் கோடைத் தண்ணீரும் வயலும் சரியென்றால், வீடு முற்றாகச் சிதைந்திருந்தாலும் ஊர் திரும்புவதற்கு வழியுண்டு. இவற்றில் இரண்டு இல்லையென்றால், சுவர்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அவற்றை நம்பிக் காசைப் போடாதீர்கள்.

இதைத் தகப்பன் மட்டும் முடிவு செய்வது சரியல்ல. தண்ணீர் அள்ளும் தாயும் பாடசாலை மாறவேண்டிய பிள்ளையும் தனியே வாழ அஞ்சும் பாட்டியும் தத்தம் எண்ணத்தைச் சொல்லட்டும். உடனே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நடு வழியொன்றுண்டு. வேலியை அடைத்து, கிணற்றைத் துப்புரவாக்கி, ஓர் அறைக்கு மட்டும் கூரை போடுங்கள். ஒரு காலபோகம் அங்கே தங்கி விதைத்து வெட்டிப் பாருங்கள். அந்த ஒரு போகத்தின் கணக்கு உங்களுக்கு நல்ல விடை சொல்லும்.